எங்கள் கீரைக்குச் சைவம் என்று பேரில்லை

"வெஜ்ஜா?"

குரோம்பேட்டையில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் பேரைக் கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி இது. மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், குரோம்பேட்டை, மேற்குத் தாம்பரம் என்று தெற்கே வரவர வாடகை குறைகிறது, கேள்வி குறைவதில்லை. சாதியைக் கேட்பது நாகரிகம் இல்லை என்று நகரம் கற்றுக்கொண்டுவிட்டது. வயிற்றைக் கேட்கலாம். அதில் யாருக்கும் கூச்சம் இல்லை. கேட்டில் அட்டையாகவே தொங்கவிடலாம்: 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி'.

2014இல் நான் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு டியூட்டோரியலில் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். நானும் தோழி ஒருத்தியும் ஏழு வீடு ஏறி இறங்கினோம். எட்டாவது வீட்டு வாசலில் நான் பொய் சொன்னேன். "ஆமாங்க, வெஜ்தான்." மாடி போர்ஷன் கிடைத்தது. கீழே வீட்டுக்காரர், அவர் மனைவி. அந்த அம்மாவை எல்லாரும் மாமி என்றார்கள், நாங்களும் மாமி என்றோம்.

பொய் சொல்லிவிட்டோம், இனி அதைச் சமைக்கணும். எனக்குச் சைவச் சமையல் தெரியாது என்று அப்போது நான் உண்மையாகவே நம்பினேன். இந்தக் கட்டுரை எழுதுகிறதற்குக் காரணமே அந்த நம்பிக்கைதான். மாசத்தில் இருபத்தைந்து நாள் கறியும் மீனும் இல்லாமல் சாப்பிட்டு வளர்ந்த ஒருத்திக்கு, மதுராந்தகம் பக்கத்துக் காலனிக்காரிக்கு, "எனக்குச் சைவம் சமைக்கத் தெரியாது" என்று எப்படித் தோன்றியது? யார் சொல்லிக் கொடுத்தது?

பழைய புத்தகக் கடையில் 'சமைத்துப் பார்' முதல் பாகத்தை வாங்கினேன். எஸ். மீனாட்சி அம்மாள் எழுதியது. 1951இல் முதலில் வந்த இந்தப் புத்தகத்துக்கு அடுத்தடுத்த பாகங்கள் வந்தன, 'குக் அண்ட் சீ' என்று ஆங்கிலத்திலும் போனது. கல்யாணமாகி பம்பாய்க்கும் டெல்லிக்கும் அப்புறம் அமெரிக்காவுக்கும் போன பெண்களின் பெட்டியில் குங்குமச் சிமிழோடு இதுவும் வைக்கப்பட்டது. கூட்டுக் குடும்பத்தில் மாமியார் சொல்லிக் கொடுக்க வேண்டியதை மாமியார் இல்லாத ஊரில் இது சொல்லிக் கொடுத்தது. மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பார்ப்பனக் குடும்பத்தில் கைம்பெண்ணுக்கு என்ன கதி என்பது நமக்குத் தெரியாததல்ல. அவளை அடைத்துவைத்த இடமும் அடுப்படி, அவளுக்கு வாய் கிடைத்த இடமும் அடுப்படி. அந்த அம்மாளை நான் குறைத்துப் பேச வரவில்லை. எதற்கு அப்புறம் எதைப் போட வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று கைபிடித்துக் கூட்டிப் போகிற உரைநடை அது. தமிழ் எம்.ஏ.வில் எனக்கு யாரும் அப்படித் தெளிவாக எழுதிக் காட்டவில்லை.

ஆனால் அந்தப் புத்தகம் வாசகி யார் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டுதான் பேசுகிறது. வீட்டில் துவரம்பருப்பு இருக்கும், பெருங்காயம் இருக்கும், நெய் இருக்கும், வெண்கலப் பானை இருக்கும். பழைய பதிப்பில் அளவெல்லாம் ஆழாக்கு, பலம். எங்கள் வீட்டில் இருந்தது அலுமினியக் குண்டான், மண்சட்டி, ஒரு கடைசட்டி, ஒரு மத்து. பெருங்காயத்தை நான் முதன்முதலாகக் கையில் தொட்டது குரோம்பேட்டையில். மாமிதான் கட்டிப் பெருங்காயத்தை எண்ணெயில் பொரிப்பது எப்படி என்று காட்டினார். கொஞ்சம் அதிகமானால் கசந்துவிடும் என்றார். நல்ல மனுஷி. ரசப்பொடிக்கு எவ்வளவு மிளகு, எவ்வளவு மல்லி என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். ரசம் இறக்கினால் ஒரு கிண்ணம் மேலே வரும், நான் கூட்டு வைத்தால் ஒரு கிண்ணம் கீழே போகும். வந்த கிண்ணம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. ஒரு வாழைப்பழமாவது இருக்கும். நாலு மாசத்தில் என் சாம்பாரைக் குடித்துப் பார்த்து, "எங்காத்துச் சாம்பார் மாதிரியே இருக்குடி" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இப்போது ஊருக்கு வருவோம்.

காலையில் கேழ்வரகுக் கூழ், வெங்காயம், மோர்மிளகாய். பழைய சோறு இருந்தால் அது. ராத்திரிக்கு உலை வைத்தால் சோறும் ஒரு குழம்பும். காராமணி, மொச்சை, கத்தரிக்காய், வேலியோரத்து முருங்கைக் கீரை, களை எடுக்கப் போன இடத்தில் முந்தானையில் பறித்துக் கட்டிக்கொண்டு வந்த பண்ணைக்கீரை, குப்பைக்கீரை. ஆயா கீரையை வேகவைத்துப் பூண்டும் பச்சைமிளகாயும் போட்டுக் கடைவாள். மத்துச் சத்தம் நின்றால் சோறு ரெடி என்று அர்த்தம். கருவாடு வாரத்தில் ஒருநாள். மாட்டுக்கறி கையில் காசிருக்கிற ஞாயிற்றுக்கிழமை, மிஞ்சினால் உப்புக்கண்டம். மற்ற நாளெல்லாம் நாங்கள் தின்றது இலையும் தழையும் கொட்டையும்தான். அதை எங்கள் தெருவில் ஒருவரும் 'சைவம்' என்று சொல்லிக் கேட்டதில்லை. 'ஒண்ணுமில்லை, சும்மா கீரை' என்பார்கள். வெறுங்குழம்பு என்பார்கள்.

சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தெலுங்கிலும் இந்தியிலும் சாகாகாரம் என்கிறார்கள். கீரை, காய் என்ற பொருளில் பிறந்த சொல். மலையாளத்தில் சஸ்யாகாரம், அதுவும் செடிகொடிதான். ஈழத்தில் காய்கறிக்கே மரக்கறி என்று பேர். நம்முடைய தமிழில் மட்டும் காய்கறிச் சாப்பாட்டுக்கு ஒரு சமயத்தின் பேர். அந்தச் சமயத்தை ஒட்டிய சில சாதிகளின் அடுப்படி முழுத் தமிழ்நாட்டுக்கும் அளவுகோல் ஆகிவிட்டது. மற்றதெல்லாம் 'அ' சேர்த்து அசைவம். பசியால் கறி தின்னாதவனுக்கு இந்த அகராதியில் இடம் இல்லை. அவன் சைவனும் இல்லை, அன்றைக்கு அசைவமும் தின்னவில்லை.

சாம்பார் எங்கள் தெருவுக்கு வந்த கதையும் தனி. வீட்டு வழியாக வரவில்லை, அரசாங்கத்தின் வழியாக வந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு. தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற தலைமுறைக்குச் சாம்பார் என்பது பள்ளிக்கூடத்து ருசி. 1989இல் கருணாநிதி ஆட்சி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் முட்டை நாள் என்று ஒரு நாள் இருந்தது, அன்றைக்கு ஆஜர் குறையாது. வீட்டில் துவரம்பருப்பு கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் வருகிற சரக்கு. 2007இல் ரேஷன் கடையில் மானிய விலையில் துவரம்பருப்பு போட்ட பிறகுதான் அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை பருப்பு வேகவைத்தாள். இட்லியும் அப்படித்தான், தீபாவளிக்கு வந்து போகிற விருந்தாளி. "தமிழர் உணவு இட்லி சாம்பார்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

சாப்பாடு வீட்டை விட்டு வெளியே வந்து கடைக்குள் போனபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். இதே தாம்பரம் ரயில் பாதையில் இருக்கிற பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர் எம்.சி. ராஜா. பொது வழி, பொதுக் கிணறு இவற்றில் தீண்டாமை கூடாது என்று 1938இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் அவர். ரெட்டைமலை சீனிவாசன் எங்கள் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். 1950இல் அரசமைப்புச் சட்டம் 15ஆம் பிரிவில் கடை, உணவகம், ஓட்டல் என்று பேர் சொல்லியே பாகுபாட்டைத் தடுத்தது. யாழ்ப்பாணத்தில் 1950களிலும் 60களிலும் நம்மாட்கள் தேநீர்க்கடைப் பிரவேசம் என்றே ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. கோயில் நுழைவு மாதிரி டீக்கடை நுழைவு. உள்ளே போய் ஒரு கிளாஸ் டீ குடிக்க அடிபட வேண்டியிருந்த சமூகம் இது. வாடகை வீடு மட்டும் அந்த 15ஆம் பிரிவின் பட்டியலில் பேராக இல்லை.

1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயில் 'பிராமணாள்' என்ற எழுத்தை எடுக்கச் சொல்லித் திராவிடர் கழகம் மறியல் செய்தது. மாதக்கணக்கில் நடந்து தொண்டர்கள் நூற்றுக்கணக்கில் சிறை போன போராட்டம். அதை நாம் மறக்கக்கூடாது. பலகையிலிருந்து அந்த எழுத்து போனது. அந்த இடத்தில் என்ன வந்தது? 'உயர்தர சைவ உணவகம்'. யாருடைய தரம் உயர்ந்தது என்று அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் மறியல் செய்யவில்லை. பார்ப்பனர் கையிலிருந்து கல்லாப்பெட்டி பல கைகளுக்கு மாறியது, சொல் அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் 1925இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப்பந்தி வைத்தார் வ.வே.சு. ஐயர். காங்கிரசையே உலுக்கிய சண்டை அது. அங்கே பிரச்சினை இலையில் விழுந்த பண்டம் அல்ல, பக்கத்து இலையில் உட்கார்ந்த பிள்ளை. அந்தச் சண்டையைப் பற்றி நான் படித்தவற்றில் சேரிப் பிள்ளைக்கு எங்கே இலை போடுவது என்ற பேச்சு அபூர்வம்.

குரோம்பேட்டை என்ற பேரைப் பற்றி ஒரு வார்த்தை. ஏதோ ஐயர் பெயரோ கோயில் பெயரோ என்று நினைத்துக்கொண்டு அங்கே குடியிருக்கிறவர்கள் உண்டு. குரோம் லெதர் கம்பெனியால் வந்த பேர் அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறை வந்தது. பல்லாவரத்துக்குப் பக்கத்தில் அதற்கென்று ஆலை எழுந்தது. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை ஊறப்போட்டவர்கள், மயிர் வழித்தவர்கள், நாற்றத்தை நாள்முழுக்கச் சுவாசித்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓடியது. ரயில் வந்ததும் ஆபீஸ் போகிறவர்கள் வந்தார்கள், மனை போட்டார்கள், நகர் நகராகப் பேர் வைத்தார்கள். நாகல்கேணிப் பக்கம் நிலத்தடி நீரில் இன்னும் குரோமியம் பேசப்படுகிறது. 2021இல் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. செத்த மாட்டின் தோலால் பேர் பெற்ற ஊர். அதில்தான் கேட்டுக்குக் கேட்டு 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி'.

சைவம் என்றால் கறி இல்லாத சாப்பாடு என்று இன்னும் நம்புகிற தோழர்கள் இருந்தால் கீழே வருகிறதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கும் காட்சி நம்மில் பலருக்கு மனப்பாடம். அந்தப் பொட்டலத்தில் இருந்தது மாட்டுக்கறி இல்லை. எண்ணெயில் சுட்ட பலகாரம். சுத்த சைவம்.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று ஆதிக்கச் சாதியார் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் அவரைத்தான் இடம் மாற்றினார்கள், நம் தோழர்கள் போராடிய பிறகு திரும்ப அதே பள்ளிக்கு வந்தார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2023இல் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில் காலை உணவுத் திட்டத்துச் சாப்பாட்டைப் பிள்ளைகள் தொடவில்லை என்று செய்தி வந்தது. சமைத்தவர் தலித் பெண். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி நேரில் போய்க் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். காலை உணவுத் திட்டத்தில் என்ன போடுகிறார்கள்? உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். அதில் எலும்பு எங்கே இருக்கிறது?

ஆக அரிசியும் பருப்பும் சைவம் ஆகிறதும் ஆகாததும் கரண்டி பிடித்த கையைப் பொறுத்தது. படித்தவர்கள் இடத்தில் இதற்கு வேறு நாகரிகம். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஓர் உணவுக்கூடத்தில் சைவ மாணவருக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் கிழித்தார்கள். கை கழுவுகிற தண்ணீரில் என்ன சைவம் அசைவம்?

நம் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. அம்பேத்கர் 1948இல் எழுதிய தீண்டப்படாதார் பற்றிய நூலில், பௌத்தத்தோடு நடந்த போட்டியில் பார்ப்பனர் மாட்டிறைச்சியைக் கைவிட்டுப் பசுவைப் புனிதமாக்கியதையும், சிதறுண்ட மக்கள் செத்த மாட்டைத் தின்றதே அவர்கள்மேல் தீண்டாமையாக விழுந்ததையும் தம் கருதுகோளாக வைத்தார். 1990களில் நாம் மாட்டுக்கறியை மேடையேற்றினோம். ராஜ் கௌதமனின் 'தலித் பண்பாடு' 1993இல் வந்தது. இழிவு என்று சொல்லப்பட்டதையே எடுத்து எதிர்ப்பண்பாடாக நிமிர்த்துகிற பேச்சு அன்றைக்குத் தேவைப்பட்டது. இன்றைக்கும் தேவை. மாட்டுக்கறி தின்றதாகச் சொல்லி ஆட்களை அடித்துக் கொல்கிற நாட்டில் அதைக் கைவிடச் சொல்ல நான் யார்? ஆனால் அந்த வேகத்தில் ஒன்றை விட்டுவிட்டோம் என்று எனக்குப் படுகிறது. நம் உணவு என்றால் மாட்டுக்கறி, அவர்கள் உணவு என்றால் காய்கறி என்ற பாகப்பிரிவினைக்கு நாமும் கையெழுத்துப் போட்டோம். ஆயாவின் மத்தை, முந்தானைக் கீரையை, காராமணியை, கூழை யாரும் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டோம். கறி திங்கிற நாலு நாளை அரசியலாக்கினோம், மிச்ச நாளெல்லாம் நம் பெண்கள் ஒன்றுமில்லாததிலிருந்து ஆக்கிப் போட்டது வெறுங்குழம்பாகவே நின்றுவிட்டது. மராத்தியில் சாகு பட்டோலே 2015இல் மராத்வாடா தலித் அடுப்படியைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அதில் மாமிசத்தோடு கீரையும் தானியமும் இருக்கின்றன. நம்மிடம் கதையிலும் கவிதையிலும் உண்டு, சமையல் புத்தகமாக யார் வீட்டு அலமாரியிலாவது இருக்கிறதா?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது அம்மாவால்.

2015 தை மாசம் அம்மா குரோம்பேட்டை வந்தாள். ஒரு பையில் முருங்கைக் கீரை, ஒரு பையில் காய்ந்த காராமணி. "கருவாடு எடுத்தாரலடி, நீதான் வேணான்ட்ட" என்றாள். அன்றைக்குக் காராமணி கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, கீரை கடைந்தாள். பூண்டு தட்டிப் போட்டாள். கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. மாடிப்படி முழுக்க வாசனை. மாமி மேலே வந்தார்.

"என்ன வாசனை இது? நன்னா இருக்கே!"

"காராமணிக் கொழம்புங்கம்மா. தோ, ஒரு வாய் சாப்டுங்க."

அம்மாவின் பேச்சு ஒரு வாக்கியத்திலேயே எங்கள் பூகோளத்தைச் சொல்லிவிடும். மாமி கிண்ணத்தை வாங்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். அம்மா சொன்னாள். ஊரிலேயா, இல்லை... என்று இழுத்தார். அம்மாவுக்கு என் பொய் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

"காலனிதாங்க."

மாமி ஒன்றும் சொல்லவில்லை. "சரி, சாப்பிடுங்கோ" என்று இறங்கிப் போனார். முதல் நாள் நான் கூட்டு அனுப்பிய கிண்ணம் மறுநாள் காலையில் படிக்கட்டில் இருந்தது. பளபளவென்று தேய்த்து, கவிழ்த்து வைத்து. உள்ளே ஒன்றும் இல்லை. அப்புறம் ரசம் வரவில்லை. அடுத்த மாசம், பையன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், மாடி தேவைப்படுகிறது என்றார் வீட்டுக்காரர். பையன் வந்தானோ என்னவோ, நாங்கள் காலி செய்த இரண்டாவது வாரம் அதே கேட்டில் அதே அட்டை தொங்கியதைத் தோழி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நாலு மாசம் என் சாம்பார் அவர் வீட்டுச் சாம்பார் மாதிரியே இருந்தது. பொடியும் புளியும் பெருங்காயமும் மாறவில்லை.

இப்போது முடிச்சூர்ப் பக்கம் இருக்கிறோம். அம்மாவும் எங்களோடு வந்துவிட்டாள். 'சமைத்துப் பார்' இன்னும் அலமாரியில் இருக்கிறது, நல்ல புத்தகம், தூக்கிப் போட மனசு வரவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. தெருப் பெண்கள், ஊரிலிருந்து வருகிற அத்தை, சித்தி எல்லாரிடமும் கேட்டுக் கறி போடாத பதார்த்தங்களை எழுதுகிறேன். இருபத்திமூன்று சேர்ந்திருக்கிறது. கொடிப்பசலைக் கடைசல், மொச்சைக் குழம்பு, புளிச்சகீரை, கேழ்வரகுக் கூழில் நொய் எப்போது போடுவது என்பது வரைக்கும். அளவுதான் தகராறு. "காராமணி எவ்ளோம்மா?" என்றால் "ஒரு கை" என்பாள். மீனாட்சி அம்மாளாவது ஆழாக்கு சொன்னார்.

போன வாரம் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி வந்து அடுப்படி மேடையில் வைத்தேன். காராமணியை அள்ளச் சொல்லி, அம்மாவின் கைப்பிடியை அப்படியே அதில் கொட்டச் சொன்னேன். எழுபது கிராம். நம்பவில்லை, திரும்ப அள்ளச் சொன்னேன். எழுபத்திரண்டு. மூன்றாவது தடவைக்கு அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்குடி என் கைய நிறுக்கற? அடுப்புல தண்ணி கொதிக்குது பாரு."